இருபத்துமூணு இன்ச் இடது கை

வேர்க்கத்தான் செய்யுது தம்பி. சித்திரை வெயில்ல, கருப்புக் கோட்டு, உள்ளுக்குள்ள வழுவழுன்னு லைனிங்கு, பொத்தான் ரெண்டையும் போட்டுக்கிட்டு, ஃபேனு இல்லாத பந்தலுக்குள்ள காலையில ஏழு மணியில இருந்து உக்காந்திருந்தா வேர்க்காம குளிரவா செய்யும்? கழட்டி வைங்க அண்ணாச்சின்னு நீங்க சொல்றது நல்ல மனசுலதான். ஆனா கழட்டுனா திரும்பப் போட முடியாது. இந்தா, இந்த இடது தோள்பட்டைத் தையலைப் பாருங்க. தொடாதீங்க, பாருங்க மட்டும். ஒரு விரக்கடை மிச்சம் இருக்கா? அந்த ஒரு விரக்கடையிலதான் என் இடது கை நிக்குது. காது குத்துற ஆசாரி வர்ற வரைக்கும் நின்னாப் போதும். தங்கச்சி மகளை மடியில வச்சு, ஒரு கையால தலையைப் பிடிச்சு, இன்னொரு கையால புள்ளையோட ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டா தாய்மாமன் வேலை முடிஞ்சுபோகும். அதுக்குப் பெறகு கோட்டு போனாலும் சரி, கை போனாலும் சரி.

விளையாட்டுக்குச் சொல்லல. நீங்க மதுரையில இருந்து வீடியோ எடுக்க வந்தவரு, உங்களுக்குத் தெரியாது. இந்தப் பந்தல்ல யாரை வேணாலும் கேளுங்க, சுயம்பு அண்ணாச்சிக்கு எத்தனை கைன்னு. கோட்டு போட்டா ரெண்டு, போடலன்னா ஒண்ணுன்னு, மழை வந்தா நனையும்னு சொல்ற மாதிரி சொல்லுவாங்க. ஆசாரி வண்டி வழியில பஞ்சராம். ஒட்டிட்டு வர நேரம் ஆகும். சொல்றேன், கேளுங்க.

பத்தொம்போது வயசுல போன கை. எங்க அப்பா இந்த ஊருல மாவு மில்லு வச்சிருந்தாரு. தீவாளிக்கு ஒரு நாளு இருக்கு, முறுக்கு மாவு, அதிரச மாவுன்னு தூக்குவாளி வாசல் வரைக்கும் வரிசையில நிக்குது, அந்த நேரம் பாத்து கரண்டு போச்சு. கரண்டு போனதுதான் போச்சேன்னு கழண்டு கழண்டு விழுந்துக்கிட்டு இருந்த பெல்ட்டை எடுத்து மாட்டப் போனேன் நான். எந்தங்கச்சி வேலுத்தாய்க்கு அப்ப பதினாலு வயசு, வாசப் பக்கம் உக்காந்து மூட்டைக்கு அடையாளம் போட்டுக்கிட்டு இருந்தா. வரிசையில நின்ன ஒரு பொம்பளை, "ஏத்தா, சுவிட்சைப் போட்டு வையி, கரண்டு வந்தா தானா ஓடும்ல"ன்னு சொல்லிருக்கு. அவ போட்டு வச்சா. நம்ம வீடுகள்ல செய்யாததா? லைட்டு சுவிட்சைப் போட்டு வச்சுட்டு, எரிஞ்சா கரண்டு வந்துருச்சுன்னு தெரிஞ்சுக்கிறதில்லையா, அது மாதிரிதான். கரண்டு வந்துச்சு.

அம்புட்டுதான் அந்தக் கதை. நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்க அப்பா சொன்னதில்லை. ஊரும் சொல்லல. யாருமே சொல்லாததுனாலயோ என்னமோ, அவளே தனக்கு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டா. அன்னையில இருந்து எனக்கு வலது பக்கமாத்தான் நிப்பா, வலது பக்கமாத்தான் நடப்பா, பரிமாறுனாக்கூட வலது பக்கமா சுத்தி வந்துதான் பரிமாறுவா. ஒரு பக்கமே இல்லாத அண்ணனாத்தான் என்னை அவளுக்குத் தெரியும்.

ஒத்தைக் கையோட மில்லுல நிக்க முடியாதுன்னு ராத்திரிப் பள்ளிக்கூடத்துல சேந்து பத்தாவது முடிச்சேன். தீப்பெட்டி ஆபீஸ் போறவங்களும், லாரி கிளீனரும், நானும் ஒரே பெஞ்சு. அங்க எத்தனையோ பாடம் நடத்துனாங்க, எனக்கு ஒட்டுனது ஒண்ணே ஒண்ணுதான்: பாரத்துல காலிக் கட்டம் விடக்கூடாது, காலியா விட்டா வேற எவனாவது எழுதிருவான். அந்த ஒரு பாடத்தை வச்சே ஹார்டுவேர் கடை வச்சேன், லைசென்ஸ் எடுத்தேன், மோட்டார் பம்புக்கு டீலர்ஷிப் எடுத்தேன். எந்த ஆபீஸும் என் பாரத்தைத் திருப்பி அனுப்புனதில்லை.

பம்பு கம்பெனியில ரெண்டு வருசத்துக்கு முன்னாடி டீலருங்களை எல்லாம் வியட்நாம் கூட்டிட்டுப் போனாங்க. நாப்பது பேரு. கடைசி நாள் விருது விழா, கோட்டு சூட்டு கட்டாயம்னு முதல்லயே சொல்லிட்டாங்க. இங்க எவன் கிட்ட கோட்டு இருக்கு? கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த ஆளுங்கதான் எல்லாரும். "பயப்படாதீங்க அண்ணாச்சி, அங்க ஹோய் ஆன்னு ஒரு ஊரு இருக்கு, காலையில அளவு குடுத்தா மறுநாள் கோட்டு கையில இருக்கும்"னு என் ரூம்ல தங்குன கோவில்பட்டி பிச்சைக்கண்ணு சொன்னான். அவன் பம்போட பைப்பும் விக்கிறவன், ஆனா எதையும் அளந்து பேச மாட்டான், அதனால நான் நம்பல. போய்ப் பாத்தா நெசந்தான். ஆத்தோரமா பழைய ஊரு, மஞ்சச் சுவரு, தெருவுக்குக் குறுக்க கலர் கலரா காகித விளக்கு, வீட்டுக்கு வீடு தையக்கடை, கடைக்குக் கடை வாசல்ல தலை இல்லாத பொம்மை கோட்டு போட்டு நிக்குது.

நாங்க நாப்பது பேரும் ஒரே கடையில போய் விழுந்தோம். கடைக்காரம்மாவுக்கு ஒரு அம்பது வயசு இருக்கும், கழுத்துல டேப்பு, மணிக்கட்டுல குண்டூசி குத்துற பஞ்சு. கூட்டத்தைப் பாத்துட்டு ஆளுக்கு ஒரு பாரத்தைக் குடுத்துச்சு. தெரிஞ்ச அளவை நீங்களே எழுதுங்க, மிச்சத்தை நான் எடுத்துக்கிறேன்னு. அந்தப் பாரத்துல ஒரு மனுசன் படம். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறான், ஒவ்வொரு கைக்கும் பக்கத்துல ஒரு கட்டம்.

வலது கை அளவு எனக்குத் தெரியாது. அது அதுக்குப் பெறகு எவ்வளவோ வளந்துபோச்சு. ஆனா இடது கை அளவு தெரியும். அந்தத் தீவாளிக்கு எனக்கு முழுக்கைச் சட்டை தைக்கக் குடுத்திருந்துச்சு, அளவெடுத்த டெய்லரு, "வலது இருபத்துமூணரை, இடது இருபத்துமூணு, உனக்கு ஒரு கை அரை இன்ச் கம்மிடா"ன்னு சிரிச்சாரு. கம்மியா இருந்த கைதான் மொத்தமாப் போச்சு. காலிக் கட்டம் விடக்கூடாதுல்ல, அதனால இடது கைக் கட்டத்துல இருபத்துமூணுன்னு எழுதிட்டேன்.

என் முறை வந்துச்சு. அந்தம்மா பாரத்தைப் பாத்துச்சு, என் தொங்குற சட்டைக் கையைப் பாத்துச்சு, திரும்பப் பாரத்தைப் பாத்துச்சு. செல்போன்ல எதையோ பேசி என் பக்கம் நீட்டுச்சு. போனு தமிழ்ல கேக்குது: "மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, இந்த எண் மெய்யானதா?" இல்லைம்மா, பழக்கதோசத்துல எழுதிட்டேன்னு சொல்லிருக்கலாம். சுத்தி முப்பத்தொம்போது பேரு நிக்கிறான். வாய்க்கு வந்துச்சு, "மெய்தாம்மா"ன்னு சொல்லிட்டேன். அந்தம்மா தலையை ஆட்டுச்சு. டேப்பை எடுத்து என் இடது தோள்ல ஒரு நுனியை வச்சு, மறு நுனியைக் காத்துல இறக்கி, வெறுங்காத்தைப் பிடிச்சு, மணிக்கட்டு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு விரலை வச்சு, டாக்டரு நாடி பாக்குற மாதிரி கொஞ்ச நேரம் நின்னுச்சு. பெறகு கையை எடுத்துட்டு எழுதப் போயிருச்சு. டேப்பு நுனி அங்கேயே நின்னுச்சு. கீழ விழல. எனக்கு அப்ப அது வித்தியாசமாத் தெரியல தம்பி, வெளிநாட்டு டேப்பு இப்படித்தான் விறைப்பா இருக்கும்போலன்னு நினைச்சுக்கிட்டேன். நான் கடையில டேப்பு விக்கிறவன், எனக்கே தெரியல.

மறுநாள் சாயங்காலம் விருது விழா. ரூம்ல அவசர அவசரமா கோட்டை மாட்டிக்கிட்டு ஓடுனோம். எனக்கு எப்பத் தெரிஞ்சுச்சுன்னா, சாப்பாட்டு வரிசையில. ஒரு கையில தட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால சோத்தை அள்ளி வைக்கிறேன். இருபத்தஞ்சு வருசமா தட்டை யாராவது பிடிக்கணும், இல்ல மேசையில வைக்கணும். இப்பத் தட்டு நடுவானத்துல நிக்குது. குனிஞ்சு பாத்தேன். கோட்டுக் கைக்குள்ள இருந்து ஒரு கை வந்திருக்கு.

என் கைதான். அடையாளம் தெரியாமப் போகுமா? பத்தொம்போது வயசுக் கை. சுருக்கம் இல்ல, காய்ப்பு இல்ல, மோதிர விரல்ல சைக்கிள் செயின் கடிச்ச தழும்பு. அப்பறம் சுண்டு விரல் நகம் சிவப்பா இருந்துச்சு. ரத்தம் இல்ல, மருதாணி. கரண்டு போன அன்னைக்கு முந்தின ராத்திரி, நான் தூங்குறப்ப எந்தங்கச்சி எனக்குத் தெரியாம வச்சுவிட்டது. "ஆம்பளைக்கு எதுக்குடி மருதாணி"ன்னு காலையில அவ காதைத் திருகுனேன். அழிக்க நேரமில்லாம மில்லுக்கு ஓடிட்டேன். நான் அதை மறந்தே போயிருந்தேன். கை மறக்கல. நேத்து வச்ச மாதிரி செவசெவன்னு இருந்துச்சு.

பிச்சைக்கண்ணு என்னையும் கையையும் மாறி மாறிப் பாத்தான். "அண்ணாச்சி, அப்ப நாளைக்கு ஏர்போட்டுல உங்க பெட்டியை நீங்களே தூக்கிக்கிருவீக"ன்னான். அவ்வளவுதான் அவன் சொன்னது. கம்பெனி மேனேஜரு மேடையில என் ரெண்டு கையையும் பிடிச்சுக் குலுக்குனாரு, முன்னாடி ஒரு கை இருந்ததா ரெண்டு இருந்ததான்னு அவருக்கு ஞாபகம் இல்ல. விக்கிற பம்பு எத்தனைன்னு மட்டும் ஞாபகம் இருந்துச்சு.

இங்க வந்து எறங்குனா, சாத்தூர்ல இருந்து டவுன் பஸ்ஸு. கை இல்லாதவங்களுக்குக் குடுக்கிற இலவச பாஸைக் காட்டுறேன். கண்டக்டரு பாஸைப் பாக்குறான், கையைப் பாக்குறான். "அண்ணாச்சி, ரெண்டு கை இருந்தா டிக்கெட்டு." "கோட்டைக் கழட்டுனா ஒரு கைதான்ப்பா." "அப்பக் கழட்டுங்க." பஸ்ஸுல வச்சுக் கழட்டுனேன், கை போச்சு. "சரி, பாஸு செல்லும்"னு போயிட்டான். பஸ்ஸுல இருந்த எழுபது பேரும் பாத்தாங்க. அந்த எழுபது பேரும் எழுநூறு பேருகிட்டச் சொல்லி, நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள வாசல்ல கூட்டம். அந்த பாஸ் அட்டை குடுத்த ஆபீஸர்கிட்டயும் போனேன், நேர்மையா இருக்கணும்ல. அவரு மூணு தரம் போடச் சொல்லி மூணு தரம் கழட்டச் சொல்லிப் பாத்துட்டு, யோசிச்சு, அட்டைக்குப் பின்னாடி எழுதிக் குடுத்தாரு: "கோட்டு அணியாத நேரங்களில் செல்லும்." முத்திரை வச்சு. வீட்ல இருக்கு, வேணும்னா காட்டுறேன்.

அன்னைக்குத்தான் பாத்தேன், தோள்பட்டையில தையல் பிரிய ஆரம்பிச்சிருச்சு. போடப் போட, கழட்டக் கழட்ட, ஒவ்வொரு தையலா உருவுது.

எம்பொஞ்சாதி சந்திரகனி என்ன சொன்னாங்கிறீங்க? "நம்ம கல்யாணத்துல இந்தக் கை இல்லையே. வயசுப் பையன் கை மாதிரி இருக்கு, எனக்குக் கூச்சமா இருக்கு, தள்ளி உக்காருங்க"ன்னுட்டா. அந்தக் கைக்கும் ஒண்ணும் தெரியாது தம்பி. செல்போனைக் குடுத்தா பொத்தானைத் தேடும். டி.வி. பக்கத்துல போனா திருகு எங்கன்னு தடவும். முத முதல்ல மழை பேஞ்ச அன்னைக்கு ஜன்னலுக்கு வெளிய அதை நீட்டுனேன். உள்ளங்கையைத் தானா குழிச்சு, தண்ணியைப் பிடிச்சுப் பிடிச்சு ஊத்துது, பிடிச்சுப் பிடிச்சு ஊத்துது. நான் நிப்பாட்டலாம்னு பாத்தேன். மனசு வரல. கோட்டு நனைஞ்சாலும் பரவால்லன்னு விட்டுட்டேன்.

பெறகுதான் ஊருல பிரச்சினை வந்துச்சு. கையைப் பத்தி இல்ல, இடது கைங்கிறதைப் பத்தி. கோயில்ல துன்னூறு வாங்க, தெரியாம இந்தக் கையை நீட்டிட்டேன். ஒரே சலசலப்பு. "இடது கையை நீட்டுறாரு, வியட்நாம் போயிட்டு வந்தா சாமிக்கு மரியாதை கிடையாதா"ன்னு ஒருத்தன். பூசாரி கருத்தப்பாண்டி கொஞ்சம் நிதானமான ஆளு. தட்டைக் கீழ வச்சுட்டுக் கேட்டாரு: "ஏப்பா, இடது கை எதுக்கு ஆகாது? அது செய்யிற வேலையினாலதான? இருபத்தஞ்சு வருசமா அந்த வேலையை அண்ணாச்சி எந்தக் கையால பாத்தாரு? வலது கையால. சோத்துக்கும் அதுதான், மத்ததுக்கும் அதுதான். இந்தக் கை சோத்துக்கும் போகல, அதுக்கும் போகல. பொய்க் கணக்கு எழுதல, எவனையும் அடிக்கல, எவன் பொருளையும் தொடல. நம்ம ஊருலயே சுத்தமான கை இதுதான். இதுல குடுக்கலன்னா நான் யாருக்கும் குடுக்கக்கூடாது." அப்படிச் சொல்லி இந்தக் கையில துன்னூறு போட்டாரு. எல்லாரும் அவங்கவங்க வலது கையை ஒரு மாதிரியாப் பாத்துக்கிட்டாங்க.

அவ்வளவுதான், மறுநாள்ல இருந்து கைராசிக் கைன்னு ஆகிப்போச்சு. பாவம் பண்ணாத கை. புதுக் கடைக்குப் போணி பண்ண வாங்க, வீட்டுக்கு முதச் செங்கல்லு வச்சுக் குடுங்க, புள்ளைக்கு அரிசியில அ எழுத விரலைப் பிடிச்சு விடுங்க, விதை ஒரு பிடி தூவிவிடுங்க. தண்ணிக்குப் போர்க்குழாய் போட்டவன் வந்து மோட்டார் சுவிட்சை இந்தக் கையால போடச் சொன்னான். சுவிட்சுன்னதும் சுத்திலும் பாத்து, குழாய்ப் பக்கம் ஆள் இல்ல, பெல்ட்டுப் பக்கம் ஆள் இல்லன்னு பாத்துட்டுத்தான் போட்டேன். தண்ணி வந்துச்சு. தண்ணி இருக்கிற எடத்துல போட்டா தண்ணி வரத்தான செய்யும். அதை யாரும் ஒத்துக்கல.

ஆனா அதுக்கு மேலயும் ஒண்ணு இருந்துச்சு. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இந்தக் கையைப் பிடிச்சவங்க எல்லாரும் புதுப்பானைத் தண்ணியில கை விட்ட மாதிரி சில்லுன்னு இருக்குன்னுவாங்க. பெறகு மெதுவா, அவங்களுக்கே தெரியாம, அந்த வருசத் தீவாளியைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவாங்க. கை அந்தத் தீவாளியிலயே நின்னுபோன கைதான. இட்லிக் கடைக்காரரு பிடிச்சாரு, "அன்னைக்கு எங்க ஆத்தா பணியாரம் சுட்டுக்கிட்டு இருந்துச்சு, நெய் வாசம் வருது"ன்னாரு. பேசாம இருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கமாப் பிடிச்சாங்க, "நம்ம ஒரே லெட்சுமி வெடியைப் பங்கு போட்டு வெடிச்சோம்லடா"ன்னு ஒருத்தன் சொல்ல, இன்னொருத்தன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். வாசல்ல வரிசை நிக்கும். நூறு பேரு நின்னாலும் சத்தம் இருக்காது. இத்தனைக்கும் எங்க ஊரு ரேசன் கடை வரிசையில மண்டை உடைஞ்ச ஊரு. கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி தலை சீவி, நல்ல துணி உடுத்தி, குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னு, ஒருத்தரா உள்ள வந்து, இந்தக் கையை ரெண்டு கையாலயும் ஏந்திப் பிடிச்சுட்டு, கண்ணை மூடி, தன் தீவாளியைப் பாத்துட்டு, வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போவாங்க.

எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. என் கையை நானே பிடிச்சா சில்லுன்னு இருக்கும், அவ்வளவுதான்.

ஊரே பிடிச்ச கையை எந்தங்கச்சி பிடிக்கல.

வந்த மறுநாளே கோட்டு போட்டுக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். ரெண்டு தெரு தள்ளி. அவ மாப்பிள்ளை காளிராசு வாசல்ல, "மச்சான் வந்திருக்காரு, ரெண்டு கையோட வந்திருக்காரு, வந்து பாரு"ன்னு சத்தம் போடுறாரு. வந்தா. முதல்ல வலது பக்கமாத்தான் வந்தா, பழக்கம். நான் கையை நீட்டுனேன். அவ கண்ணு கையில நிக்கல, விரல்ல நிக்கல, நேரா அந்தச் சுண்டு விரல் நகத்துல போய் நின்னுச்சு. உள்ள ஓடிக் கதவைச் சாத்திக்கிட்டா. நான் வெளிய நின்னு, "வேலு, ஏ வேலு, கை வந்துருச்சு பாருடி, ஒண்ணும் ஆகல பாருடி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கதவு தொறக்கல. மத்தவங்களுக்கு எல்லாம் அந்தத் தீவாளி நெய் வாசம். அவளுக்கு அந்தத் தீவாளி சுவிட்சு. அதைப் போய் எப்படிப் பிடிப்பா?

அவ மருதாணி வச்சு எத்தனை வருசம் ஆச்சுன்னு அப்பத்தான் யோசிச்சேன். அவ கல்யாணத்துக்கே வச்சுக்கல. புடிக்காதுன்னு சொன்னா, நாங்களும் விட்டுட்டோம்.

அவளுக்குக் கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருசம் கழிச்சுப் பெறந்த புள்ளை இதழினி. அந்தா, பட்டுப்பாவாடையை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு நிக்கிதே, அதுதான். அஞ்சு வயசு ஆகுது, இன்னும் காது குத்தல. ஒண்ணுல குத்தணும், மூணுல குத்தணும்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டாங்க. "ஒத்தைக் கையோட உங்க அண்ணனால புள்ளையைப் பிடிக்க முடியாது, துள்ளுனா ஊசி எங்கயாவது பட்டுரும், பெரியப்பா மகன் மடியில வச்சுக் குத்திருவோம்"னாங்க. "எங்க அண்ணன் மடியிலதான் உக்காரும். இல்ல, காதே வேண்டாம்"னு அவ ஒரே பேச்சு. சரி, கைதான் வந்துருச்சே, இப்பக் கூப்பிடுன்னா, அதுக்கும் வாயைத் தொறக்க மாட்டா. ரெண்டு வருசம் இப்படியே ஓடிப்போச்சு. ஊரே வந்து கேட்டுச்சு, அவ மட்டும் கேக்கல. நானும் இல்லன்னு சொல்லத் தெரியாத ஆளு. கேட்டவங்களுக்கு எல்லாம் போட்டுக் கழட்டி, போட்டுக் கழட்டி, தையல் எல்லாம் போச்சு.

தைக்கப் பாக்கலையான்னு கேக்காதீங்க. சாத்தூர்ல மூணு டெய்லரும் பாத்தாச்சு. ஊசி போகுது, நூல் நிக்கல, தண்ணியில தைச்ச மாதிரி வெளிய வந்துருது. வியட்நாம் அம்மாவுக்கே போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். பதில் வந்துச்சு, போனு தமிழாக்கிக் குடுத்துச்சு: "மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, அளவு மெய்யானது. ஆனால் நூல் வெறும் நூல்தான்." அதுக்கு மேல என்னத்தைக் கேக்குறது. அன்னைக்கே கோட்டை எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். ஒரே ஒரு தரம் தாங்கும். அதை யாருக்கும் குடுக்கிறதில்லைன்னு முடிவு பண்ணி, வாழ்க்கையில முத தரமா ஊருக்கு இல்லைன்னு சொன்னேன். ஒரு கட்சிக்காரரு கொடியேத்தக் கூப்பிட்டாரு, இல்லன்னேன். கோவம் அவருக்கு. பூட்டுக்கு ரெண்டாவது சாவி யாருகிட்ட இருக்குன்னு விசாரிச்சதாக் கேள்வி.

எட்டு மாசம் பீரோவுல இருந்துச்சு. நானும் அவ கேப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தூசி தட்டக்கூட வெளிய எடுக்கல.

போன மாசம் காளிராசு கடைக்கு வந்தாரு. அரைக் கிலோ ஆணி வாங்குனாரு, அவருக்கு ஆணி எதுக்குன்னு எனக்குத் தெரியல. வாங்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தாரு. "என்ன மாப்ளே?"ன்னேன். "இல்ல மச்சான், குலசாமி கோயில்ல சித்திரையில காது குத்து வச்சிருக்கோம். அவ சொல்லச் சொன்னா." "என்ன சொல்லச் சொன்னா?" "கோட்டு போட்டுட்டு வரச் சொன்னா." ஆணியைக் கடையிலயே விட்டுட்டுப் போயிட்டாரு.

அதான் தம்பி, காலையில இருந்து இப்படி உக்காந்திருக்கேன். எல்லாரும் வந்து வந்து பாக்குறாங்க, யாரும் கை குடுக்கல பாத்தீங்களா? ஊருக்கே தெரியும், இது கடைசி. பிள்ளைங்களைக்கூட இந்தப் பக்கம் ஓட விடல. அந்தா, கருத்தப்பாண்டி மேளக்காரரை மெதுவா வாசிக்கச் சொல்றாரு, அதிர்ச்சியில நூல் போயிருமாம். பிச்சைக்கண்ணு கோவில்பட்டியில இருந்து வந்து, அரை மணி நேரமா எனக்கு விசிறிக்கிட்டு இருந்தான், "அண்ணாச்சி, காத்துல நூலு ஆடுதே"ன்னு பயந்துபோய் அவனே நிறுத்திட்டான்.

ஆ... பாத்தீங்களா? இப்ப ஒண்ணு போச்சு. டிக்னு சத்தம் கேட்டுச்சா? பரவால்ல, நூலு இன்னும் இருக்கு. சுண்டு விரல்தான் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு. நான் அசையல. நீங்களும் சாயாதீங்க.

எனக்கு என்ன ஆசைன்னா, மடியில புள்ளையை வைக்கிறது ஒண்ணு. அது நடந்துரும்னு வச்சுக்குவோம். புள்ளையை என் மடியில வைக்கிறது அவதான். வைக்கிறப்ப அவ கை இந்தக் கையில ஒரு நொடி பட்டுரும்ல? தெரியாமக்கூடப் பட்டுரும்ல? ஊர் பூரா பாத்த தீவாளியை அவளும் பாத்துருவா. சுவிட்சு அந்தத் தீவாளியில கடைசி ஒரு நிமிசம் தம்பி. அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி பூரா இருக்கு. ஒரு புள்ளை மருதாணி அரைச்சு, அண்ணன் தூங்குற வரைக்கும் முழிச்சிருந்து, சிரிப்பை அடக்கிக்கிட்டு வச்சுவிட்ட ராத்திரி. அதை அவ பாக்கணும். அவகிட்ட வாயால சொன்னா ஏற மாட்டேங்குது.

வலது பக்கமாத்தான் வருவா, எனக்குத் தெரியும். அதுக்குத்தான் ஒரு யோசனை பண்ணி என் வலது பக்கம் இந்தத் தூணோட ஒட்டுற மாதிரி உக்காந்திருக்கேன். சுத்தி வர எடம் இல்லாம...

வண்டிச் சத்தம் கேக்குதா? ஆசாரிதான் போல.

"அண்ணே."

வேலுவா? வந்துட்டியா... எங்கத்தா நிக்கிற?

"இங்கதான்ணே. ஆசாரி வந்தாச்சு. புள்ளை அழுகுறதுக்குள்ள எந்திரி. கையைக் குடு, தூக்கி விடுறேன்."

தம்பி, நான் தூணுப் பக்கம் திரும்பிப் பாத்துக்கிட்டு இருக்கேன், இவ இடது பக்கமா வந்து நிக்கிறா. நீட்டுன கையில அஞ்சு நகமும் செவப்பு. நேத்து ராத்திரி அரைச்சு வச்சிருக்கா, இன்னும் வாசம் அடிக்குது.

வர்றேன்த்தா. மெதுவாப் பிடி. இந்தா, இடது கை.

தம்பி, நீங்க புள்ளையோட காதை எடுங்க. இந்தப் பக்கம் எடுக்காதீங்க.